தழும்புள்ள சுவர், தழும்புள்ள கன்னம்

ஒரு பெண்ணின் படுக்கையறை. சுவரில் ஓர் ஓவியம் தொங்குகிறது. அதைச் சுற்றிச் சுவரின் நிறம் வேறாக இருக்கிறது. நெடுநாள் வேறு எதுவோ அங்கே மாட்டியிருந்ததன் அடையாளம். அந்த அடையாளத்தின் அளவு ஒன்று, இப்போது தொங்கும் ஓவியத்தின் அளவு வேறொன்று. ஓவியத்தை விலக்கினால் பின்னால் சுவர் உடைந்து குழிவிழுந்திருக்கிறது. அறையில் இருக்கும் மெழுகுவத்தித் தண்டு அந்தக் குழிக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. தரைப்பலகையில் சிந்திக் காய்ந்த மதுவின் வாடை இன்னும் போகவில்லை.

வீட்டுக்காரர் தன் மனைவியும் மகளும் காணாமல் போய்விட்டார்கள் என்று மட்டும்தான் இதுவரை சொல்லியிருக்கிறார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. யாரோ யார் மீதோ தண்டை ஓங்கி வீசியிருக்கிறார்கள், குறி தப்பிச் சுவரில் பட்டிருக்கிறது, பிறகு கையில் கிடைத்த ஒரு படத்தை மாட்டி மறைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் குடி இருக்கிறது, அடி இருக்கிறது என்பதைச் சுவரே நமக்குச் சொல்லிவிடுகிறது.

'தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்' என்ற வீடியோ கேமில் வரும் அறை இது. 2015 மே மாதம் வெளியானது. அதற்கு அடுத்த பாகம் போலந்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது. இப்போது அந்த நான்காம் பாகத்தைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு வரைபடத்தின் அளவு, திரையின் துல்லியம், தலைமுடி காற்றில் அசையும் அழகு என்று போகிறது. எனக்கும் அவற்றில் ஆசை உண்டு. ஆனால் நான் காத்திருப்பது அந்தச் சுவர்க்குழியைச் செய்த கைக்காக. ஒரு சின்னப் பொருளை எந்த இடத்தில் வைத்தால் அது ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும் என்று தெரிந்த கை அது.

கதையின் வேர் ஆண்ட்ஜெய் சப்கோவ்ஸ்கியிடம் இருக்கிறது. 1986இல் 'ஃபன்டாஸ்டிகா' என்ற போலந்து இதழில் அவர் எழுதிய ஒரு சிறுகதையில்தான் கெரால்ட் முதன்முதலாக நடந்து வந்தான். காசு வாங்கிக்கொண்டு பேய் பிசாசுகளை வேட்டையாடும் நாடோடி அவன். வேட்டைக்காகவே சிறுவயதில் உடலை மாற்றி வளர்க்கப்பட்டவன். அவன் தேவைப்படும் ஊர்களே அவனைக் கண்டால் எச்சில் துப்பும். கேமை உருவாக்கும் சிடி ப்ராஜெக்ட் 1994இல் பிறந்த நிறுவனம். வெளிநாட்டு கேம்களை வாங்கி விற்பதுதான் முதலில் அவர்களுடைய தொழில். 'பால்டர்ஸ் கேட்' கேமை நல்ல நடிகர்களின் குரலோடு போலிஷ் மொழிக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கினார்கள். பிறருடைய பாத்திரங்களைத் தம் மொழியில் பேசவைத்துப் பழகியவர்கள் பிறகு தம் பாத்திரங்களைப் பேசவைக்கத் தொடங்கினார்கள். 2007இல் முதல் விட்சர், 2011இல் இரண்டாவது. மூன்றாவது 2023க்குள் 5 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது.

அந்த வீட்டுக்காரரிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அங்கே இன்னும் இருக்கிறது. ஆட்டத்தில் அவரை பிளடி பாரன் என்பார்கள், இயற்பெயர் பிலிப் ஸ்ட்ரெங்கர். போர் மிதித்துப்போட்ட வெலென் என்ற சதுப்புநிலத்தில், க்ரோஸ் பெர்ச் என்ற கோட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முரட்டுப் படைத்தலைவர். பருத்த உடம்பு, சிவந்த முகம், உரத்த சிரிப்பு. பேச்சில் ஒரு வாஞ்சை உண்டு, அதனால் முதல் சந்திப்பிலேயே நமக்கு அவரைப் பிடித்துப்போகிறது. இது திட்டமிட்டுச் செய்த வேலை. சுவர்க்குழியைப் பார்க்கும்போது நாம் அவர்மீது கொஞ்சம் பிரியம் வைத்துவிட்டவர்களாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது நம்மைக் குத்தும்.

பிறகு உண்மை மெதுவாக வெளிவருகிறது. குடித்துவிட்டு மனைவி ஆனாவை அடித்தவர் அவர். வயிற்றிலிருந்த குழந்தை கலைந்தது. அந்தக் குழந்தையை அவர் பெயர்கூட வைக்காமல் புதைத்துவிட்டார். முறையாகச் சடங்கு செய்யாமல் புதைத்த சிசு பாட்ச்லிங் என்ற உருவெடுத்து இரவில் எழும் என்பது அந்த உலகத்தின் நம்பிக்கை, ஸ்லாவிய மக்களின் பழைய பயங்களிலிருந்து எடுத்தது. அந்த உருவம் பார்க்கக் கொடூரமாக இருக்கிறது. பாதி வளர்ந்த உடல், பெருத்த தலை, கூரிய பல். இந்த இடத்தில் ஆட்டம் இரண்டு வழி வைக்கிறது. வாளை உருவிக் கொன்றுவிடலாம். இல்லையென்றால் அதற்குப் பெயரிட்டு, வீட்டு வாசலில் புதைத்து, குடும்பத்தைக் காக்கும் ஆவியாக மாற்றலாம்.

இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தால் வருகிற சில நிமிடங்கள்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கலையின் உச்சம். மழையும் காற்றும் அடிக்கும் இரவு. பாரன் அந்த உருவத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கோட்டையை நோக்கி நடக்கிறார். நாம் பக்கத்தில் நடக்கிறோம். வேகமாக ஓட முடியாது, அவருடைய நடைக்குத்தான் நாமும் நடந்தாக வேண்டும். குழந்தை அவ்வப்போது முரண்டுபிடிக்கிறது. அப்போதெல்லாம் கெரால்ட் ஆக்ஸி என்ற மந்திரக் குறியால் அதைச் சாந்தப்படுத்த வேண்டும். அதுவரை அந்தக் குறியை எதற்குப் பயன்படுத்தினோம் என்று யோசித்துப் பாருங்கள். எதிரியின் புத்தியை மயக்க, காவலாளியை ஏமாற்ற. அதே விரலசைவு இங்கே அழும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் கையாகிவிடுகிறது. புதிதாக எதையும் சேர்க்கவில்லை, பொத்தான்கூட மாறவில்லை. பழைய ஆயுதத்தையே தாலாட்டாக மாற்றிய அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் வியப்பு குறைவதில்லை.

வாசலில் குழி தோண்டி, பாரன் தன் வாயால் அவளைத் தன் மகள் என்று ஏற்று, டியா என்று பெயர் வைக்கிறார். ஒரு படைத்தலைவரின் முரட்டுக் குரல் அந்தச் சடங்கு வாசகங்களில் தடுக்கி விழுகிறது. நடித்தவரின் மூச்சு தெரிகிறது. பிறகு அந்த ஆவி நமக்கு வழிகாட்டிக்கொண்டு போகும், அம்மாவும் அக்காவும் போன தடத்தைத் தேடி. பிறக்கவே விடாத பிள்ளை தன் குடும்பத்தைத் தேடித் தருகிறது. இதை யாரும் வாய்விட்டு நமக்கு விளக்குவதில்லை. நாம் அதன் பின்னால் நடக்கிறோம், அவ்வளவுதான்.

பெயர் வைத்ததால் பாரன் நல்லவராகிவிட்டார் என்று ஆட்டம் தீர்ப்பு எழுதவில்லை. வேறோர் இடத்தில் நாம் இரக்கப்பட்டு எடுக்கும் முடிவொன்று அவருடைய மனைவியின் உயிரைப் பறித்து, அவரைக் கோட்டை முற்றத்து மரத்தில் தொங்கவிடும். எந்த முடிவு எங்கே போய் முட்டும் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பேய் என்றால் நள்ளிரவு என்று பழகிய மனதுக்கு இன்னொரு நயம். ஆட்டம் தொடங்கும் ஒயிட் ஆர்ச்சர்ட் என்ற கிராமத்தில் ஒரு பாழடைந்த கிணறு. அதனருகே நடமாடும் பேய் வருவது உச்சிப் பொழுதில். வெயில் பளீரென்று அடிக்கிறது, புல் மஞ்சளாக மின்னுகிறது, பூச்சிகளின் ரீங்காரம் கேட்கிறது. நிழல் காலடிக்குள் சுருங்கிய வேளையில் காற்றோடு அவள் எழுகிறாள். அறுவடைக் காலத்து நடுப்பகலில் வயலில் திரியும் பெண் உருவத்தைப் பற்றிய ஸ்லாவிய நாட்டார் நம்பிக்கை இது. வெயிலில் கருகிச் சரியும் உழவனின் மயக்கத்துக்கு அந்த மக்கள் கொடுத்த உருவம் என்றும் சொல்வார்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. எந்த வேளையில், எந்த வெளிச்சத்தில் அது பயமுறுத்தும் என்பதையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். கிணற்றுக்குள் இறங்கி அவளுடைய வளையலைத் தேடி எடுத்து, உடலோடு சேர்த்து எரித்தால்தான் அவள் அடங்குவாள். வாளால் மட்டும் தீராது. அவள் யார், எதற்காகக் கிணற்றோரம் திரிகிறாள் என்று விசாரித்து அறிய வேண்டும். நல்ல வேட்டைக்காரன் முதலில் நல்ல கேள்விகளைக் கேட்கிறவன் என்பது ஆட்டத்தின் முதல் ஒருமணி நேரத்திலேயே நம் கைக்குப் பழகிவிடுகிறது.

வெலென் நிலத்தைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். அங்கே மரங்கள் ஓயாமல் ஆடுகின்றன. புயல் வருவதற்கு முன்னால் வானம் ஒருவித அழுக்கு மஞ்சளாகிறது. குறுக்கே வரும் ஒரு பெரிய மரத்தில் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள். குடிசைகளின் கூரை, வேலி, சேறு எல்லாமே போர் முடியாத ஊரின் முகம். நிலமும் பொழுதும் மனத்தின் நிலையைச் சொல்லும் என்பது நமக்குச் சங்கப் பாடல்களிலிருந்தே பழகிய ரசனை. உள்ளுறை தெரிந்த வாசகருக்கு வெலெனில் வழிகாட்டி தேவைப்படாது. அங்கிருந்து கடல்தாண்டி ஸ்கெலிகே தீவுகளுக்குப் போனால் காற்று வேறு, பாட்டு வேறு, மக்களின் திமிர் வேறு.

பாட்டு என்றதும் பெர்சிவல் குழுவைச் சொல்லாமல் போக முடியாது. பழைய ஸ்லாவிய இசையை வாசிக்கும் போலந்துக் குழு. அவர்களுடைய முழுப்பெயரே சப்கோவ்ஸ்கியின் நாவலில் வரும் ஒரு குள்ளனின் பெயர். மார்சின் ப்ஷிபிவோவிச் இசையமைப்பில் அவர்களும் கலந்தார்கள். சண்டை வரும்போது பெண்கள் தொண்டையைத் திறந்து, மெருகு பூசாமல், வயல்வெளியில் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் பாடுகிறார்கள். பெரிய ஆர்கெஸ்ட்ரா வைத்து வீரம் காட்டுவது இந்த வகைக் கேம்களில் வழக்கம். இங்கே வீரத்துக்குப் பதில் ஓர் ஊரின் குரல் கேட்கிறது. நோவிகிராட் நகரத்தில் ஒரு விடுதியில் ப்ரிசில்லா என்ற பாடகி பாடும் காட்சியும் அப்படித்தான். அங்கே நமக்குச் செய்ய ஒன்றுமில்லை, பொத்தான் அழுத்தும் வேலை இல்லை. காமிரா கேட்பவர்களின் முகங்களில் நிற்கிறது. நாற்பது ஐம்பது மணி நேரம் வாள் சுழற்றியவரை ஒரு பாட்டு முடியும்வரை சும்மா உட்காரச் சொல்வதற்குத் தன்மேல் பெரிய நம்பிக்கை வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காமலே கடந்துபோவது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒயிட் ஆர்ச்சர்ட் மதுக்கடையில் மொட்டைத்தலை வியாபாரி ஒருவன் நம்மிடம் பேசுகிறான். கண்ணாடி விற்பவன் என்கிறான், நாம் தேடும் பெண்ணைப் பற்றி உதவியாக ஒரு தகவல் சொல்கிறான். போய்விடுகிறான். அவ்வளவு பெரிய ஆட்டத்தில் அவனை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' என்ற இணைப்பில் அவனே திரும்ப வருகிறான், கான்ட்டர் ஓ'டிம் என்ற பெயரோடு. இந்த முறை ஒரு மதுக்கடையில் காலத்தையே நிறுத்துகிறான். ஊற்றிய மது ஊற்றியபடி நிற்கிறது, சிரித்தவன் சிரித்தபடி நிற்கிறான். அவன் நிதானமாகப் பேசிக்கொண்டே நடந்து, இடையில் குறுக்கிட்ட ஒரு குடிகாரனின் கண்ணில் மரக்கரண்டியைச் செருகிவிட்டு வெளியே போகிறான். காலம் திரும்ப ஓடத் தொடங்குகிறது. முதல் நாள் நமக்கு உதவியவன் யார் என்று அப்போதுதான் முதுகெலும்பில் உறைக்கிறது. அவனோடு செய்த ஒப்பந்தத்தில் ஆன்மாவை இழக்கும் பிரபுவின் கதை, சாத்தானோடு ஒப்பந்தம் போட்ட பான் ட்வார்டோவ்ஸ்கி என்ற மந்திரவாதியைப் பற்றிய போலந்துக் கதையிலிருந்து கிளைத்தது. அந்தக் கதையில் வரும் நிலவும் இங்கே தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. என்ன வேலை என்று சொன்னால் ஆடப்போகிறவரின் சுகம் கெடும்.

இவ்வளவும் ஸிரியிடம் வருவதற்காகத்தான். நான்காம் பாகத்தின் நாயகி அவள். மூன்றாம் பாகம் முழுக்க கெரால்ட் தேடிக்கொண்டிருந்த வளர்ப்பு மகள். சாம்பல் நிறக் கூந்தல், பச்சைக் கண், இடக்கன்னத்தில் நீளமான தழும்பு. நாவலில் ஒருவன் எறிந்த கூர்மையான எறிநட்சத்திரம் கீறிய தழும்பு அது.

மூன்றாம் பாகத்தின் முடிவில் அவள் பிழைப்பாளா சாவாளா என்பது எந்தப் பெரிய போரிலும் தீர்மானமாகவில்லை. ஒரு தகப்பனாக நாம் அவளிடம் எப்படி நடந்துகொண்டோம் என்பதில் தீர்மானமாகிறது, அதுவும் சில சின்ன இடங்களில். கேர் மோர்ஹென் கோட்டையில் வளர்த்த கிழவர் இறந்த பிறகு அவள் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது, உனக்கு எல்லாமே கைவர வேண்டும் என்றில்லை என்று ஆறுதல் சொல்லிக் குடிக்கக் கூப்பிடலாம், அல்லது பனியுருண்டை எறிந்து விளையாட இழுக்கலாம். மந்திரக்காரிகளின் சபைக்கு அவள் போகும்போது கூடவே நுழையலாம், அல்லது நீயே பேசிக்கொள் என்று வெளியே நிற்கலாம். தன்னை வைத்துச் சூழ்ச்சி செய்தவர் என்று அவள் நினைக்கும் ஒருவருடைய ஆய்வறையை அவள் அடித்து நொறுக்க நினைக்கும்போது தடுக்கலாம், அல்லது நொறுக்கட்டும் என்று விடலாம். ஊர் கோழை என்று ஒதுக்கிவிட்ட, அவளுக்கு உதவிய பையன் ஸ்க்யால். அவன் கல்லறைக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்கும்போது நேரமில்லை என்று தட்டலாம், அல்லது கூடப்போகலாம். பேரரசனிடம் அவளை அழைத்துப்போய் அதற்குப் பணம் வாங்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

இவற்றில் ஒன்றுக்குக்கூட எச்சரிக்கை மணி அடிக்காது. கடைசியில் உலகத்தையே விழுங்க வரும் குளிரை நிறுத்த அவள் தனியாக உள்ளே போகும்போது, அந்த நேரங்கள் அவள் நினைவில் ஒவ்வொன்றாக வந்துபோகின்றன. நாம் எறிந்த பனியுருண்டை அங்கே வருகிறது. அவளைப் பாதுகாக்கிறேன் என்று பொத்திப்பொத்தி வைத்தவர்களுக்கு அவள் திரும்பி வருவதில்லை. நம்பி விட்டவர்களிடம் அவள் உயிரோடு திரும்புகிறாள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி இதைவிட நுட்பமாகப் பேசிய கேமை நான் ஆடியதில்லை. பேசியது என்றும் சொல்லக்கூடாது, நம்மையே நடக்கவைத்துக் காட்டியது.

அந்த முடிவுகளில் ஒன்றில் அவள் பேரரசியாகப் போவாள், ஒன்றில் திரும்பாமலே போவாள், ஒன்றில் கெரால்ட் அவளுக்கென்று அடித்த வெள்ளி வாளைக் கொடுக்க அவளும் வேட்டைக்காரியாவாள். நான்காம் பாகம் கடைசி வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2022 மார்ச்சில் வந்த முதல் அறிவிப்பில் பனியில் புதைந்து கிடந்த ஒரு பதக்கம் மட்டும்தான் இருந்தது. கெரால்டின் ஓநாய் அதில் இல்லை, அது காட்டுப்பூனை இனமான லின்க்ஸின் தலை. கண்ணில் சிவப்பு மினுங்கியது. ஒரு புது மரபு, புது ஆள் என்பதை ஒரு பதக்கத்தில் அடக்கியிருந்தார்கள்.

2024 டிசம்பர் 12 அன்று கேம் அவார்ட்ஸ் மேடையில் ட்ரெய்லர் வந்தது, ஏறத்தாழ ஆறு நிமிடம். காட்டில் இருக்கும் ஒன்றுக்கு ஓர் ஊர் தன் பெண்ணைப் பலி கொடுக்கிறது. அலங்கரித்து அனுப்பப்படும் அந்தப் பெண்ணின் பெயர் மியோனி. ஸிரி அவளைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டுக் காட்டுக்குள் போகிறாள். பவுக் என்ற அந்த உருவத்தைக் கொன்று, ஊருக்குத் திரும்பி வந்தால், தெய்வ குற்றம் வந்துவிடும் என்ற பயத்தில் ஊர்க்காரர்களே மியோனியைக் கொன்றுவிட்டிருக்கிறார்கள். ட்ரெய்லர் என்பது பொதுவாக வெற்றி முழக்கம். இவர்கள் தங்கள் புது நாயகியை அறிமுகம் செய்யும்போதே தோற்கவைக்கிறார்கள். வேட்டை ஜெயித்தது, பெண் செத்தாள். ஆறு நிமிடமே வாழ்ந்து முடியும் பெண்ணுக்கு ஒரு பெயரும் ஒரு தயக்கமும் கொடுத்ததில் எனக்கு அந்தப் பழைய கை தெரிந்தது. வாசலில் புதைத்த சிசுவுக்குப் பெயர் வைத்த கை.

சண்டையிலும் பார்க்க நிறைய இருக்கிறது. ஸிரி சங்கிலியைச் சுழற்றுகிறாள், கெரால்டிடம் இல்லாத ஆயுதம். குப்பியிலிருந்து வேட்டைக்காரர்களின் மருந்தைக் குடிக்கிறாள், மந்திரக் குறி போடுகிறாள். கண்ணின் பாவை பூனையுடையதுபோல் நீள்கிறது. மூன்றாம் பாகத்தில் அவளால் இந்த மருந்தைக் குடிக்க முடியாது. சாதாரண மனித உடலுக்கு அது விஷம். ஆக, இடையில் அவள் தன் உடலை மாற்றும் அந்தக் கொடிய சோதனைக்குள் போய்வந்திருக்கிறாள். யார் செய்தது, அவள் ஏன் சம்மதித்தாள், கெரால்ட் அதற்கு என்ன சொன்னான்? ஒரு கண்பாவையை வைத்து இத்தனை கேள்விகளை எழுப்பிவிட்டார்கள். பதில் எதையும் தரவில்லை, கன்னத்துத் தழும்பை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

2025 ஜூனில் ஆர்லாண்டோவில் நடந்த, அன்ரியல் என்ற கேம் என்ஜினுக்கான நிகழ்ச்சியில் காட்டியது கேமின் பகுதி அல்ல, தொழில்நுட்ப முன்னோட்டம்தான் என்று அவர்களே தெளிவாகச் சொன்னார்கள். சாதாரண பிளேஸ்டேஷன் 5இல், ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிடும் ரே ட்ரேசிங்கோடு, நொடிக்கு 60 சட்டகம் ஓடியது. இந்த எண்ணை ஒருமுறை சொல்லிவிட்டு நகர்கிறேன். நான் திரும்பத் திரும்பப் பார்த்தது வேறோர் இடத்தை. வல்ட்ரெஸ்ட் என்ற துறைமுக ஊரின் சந்தைக் கூட்டத்துக்குள் ஸிரி நடக்கிறாள். ஒருவரோடு மோதல், கூடையிலிருந்து ஆப்பிள்கள் கொட்டி உருள்கின்றன, சுற்றியிருப்பவர்கள் அதற்குத் திரும்புகிறார்கள், பிள்ளைகள் ஓடிப் பொறுக்குகிறார்கள். 300 பேரை ஒரே காட்சியில் அசையவைத்த சாமர்த்தியம் பெரிது. ஆனால் என்ன சம்பவத்தை வைத்து அதைக் காட்டலாம் என்று யோசித்து ஆப்பிள் கூடையைத் தேர்ந்தெடுத்தார்களே, அதுதான் எனக்கு இனிக்கிறது. இயக்குநர் செபாஸ்டியன் கலெம்பா அனிமேஷன் துறையிலிருந்து வந்தவர். உடலசைவையே பேச்சாகப் பார்த்துப் பழகிய ஒருவரின் கண் அந்தச் சந்தையில் தெரிகிறது. அவள் ஓட்டிவரும் குதிரை கெல்ப்பி, நாவலில் வரும் அதே கரிய பெண்குதிரையின் பெயர். சரிவில் இறங்கும்போது தோளுக்கடியில் தசை புரளும் விதத்தைக் குதிரை பழக்கியவர்கள் ரசிப்பார்கள்.

கவலை இல்லாமல் இல்லை. 2020 டிசம்பரில் இதே நிறுவனத்தின் 'சைபர்பங்க் 2077' பழுதுகளோடு வந்து, பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே எடுக்கப்பட்டது. சீர்செய்ய ஆண்டுகள் ஆயின, 2023இல் அது தலைநிமிர்ந்தது. தங்கள் சொந்த என்ஜினை விட்டுவிட்டு அன்ரியலுக்கு மாறியிருக்கிறார்கள். 2024 நவம்பர் வாக்கில்தான் முழுவீச்சில் வேலை தொடங்கியது, 2027க்கு முன் கேம் வராது. எனக்கு இதில் அவசரம் இல்லை. சுவரில் எந்த அளவுக்குக் கறை இருக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசிக்க நேரம் வேண்டும்.

கதை நடக்கும் இடங்களில் ஒன்று கோவிர். இதுவரை எந்த விட்சர் கேமும் காலடி வைக்காத வடநாடு. நாவல்களில் அது சுரங்கக் கனிமங்களும் கண்ணாடியும் உப்பும் விற்றுப் பணக்காரனான நாடு, அண்டை அரசுகள் வெட்டிக்கொள்ளும்போது ஒதுங்கி நின்று வியாபாரம் பார்த்த நாடு. குளிர்காலத் தலைநகரான லான் எக்ஸெட்டரில் தெருக்களுக்குப் பதில் கால்வாய்கள்தான். வெலெனின் பஞ்சத்தில் பிறந்த பேய்களுக்கு நாம் பழகியிருக்கிறோம். பணம் கொழிக்கும் ஊரில் எப்படிப்பட்ட பேய் பிறக்கும்? சுரங்கத்துக்குள் விட்டுவிட்டு வந்தவர்களிடமிருந்தா, வட்டிக் கணக்கு எழுதும் மாளிகையிலிருந்தா? இந்தக் கேள்வியை அவர்கள் எப்படிக் கையாளப்போகிறார்கள் என்று நினைத்தாலே ஆசை பெருகுகிறது.

இன்னொன்றும் எதிர்பார்க்கிறேன். பழைய ஆட்டத்தில் வேட்டைக்கு ஒத்துக்கொள்ளும் முன் கெரால்ட் கூலி பேசுவான். திரையில் ஒரு கோடு, அதைத் தள்ளித்தள்ளித் தொகையை ஏற்றலாம், அதிகமாகக் கேட்டால் எதிரிலிருப்பவரின் முகம் சுருங்கும். சில சமயம் ஏழையிடம் வாங்காமலும் போய்விடலாம். நரைத்த கெரால்டிடம் பேரம் பேசிப் பணம் கொடுத்த ஊர்த்தலைவர்கள், ஓர் இளம்பெண் வாளோடு வந்து நின்று விலை சொன்னால் எப்படிப் பார்ப்பார்கள்? பாதிக் கூலி போதும் என்பார்களா? ஆண் வேட்டைக்காரன் வரட்டும் என்பார்களா? ஸிரிக்குக் கெரால்டின் பொறுமை கிடையாது. பேரம் முடியும் முன்பே எழுந்து போய்விடக்கூடியவள் அவள், காசே வேண்டாம் என்று காட்டுக்குள் போய்விடவும் கூடியவள். ஆக அந்தக் கோடு அவள் கையில் வேறு மாதிரி நகர வேண்டும். முதல் நாள் ஆடும்போது நான் முதலில் தேடிப்போவது பெரிய சண்டையை அல்ல, ஏதோ ஓர் ஊரின் அறிவிப்புப் பலகையில் யாரோ கோணல் எழுத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தை.